பியெரோகி: எங்கே கிடைக்கும், எப்படிச் செய்வது, கூட என்ன வைப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போலந்தின் கிராகோவ் நகருக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. இங்கே படிக்க வரும் பிள்ளைகள், சுற்றிப் பார்க்க வரும் சொந்தக்காரர்கள், ஊரில் இருந்தபடியே செய்து பார்க்க நினைக்கிறவர்கள் என்று பலரும் பியெரோகியைப் பற்றி என்னிடம் கேட்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்தால் எல்லோருக்கும் உதவும் என்று தோன்றியது.

பியெரோகி என்றால் என்ன?

மைதா மாவை மெல்லியதாகத் தேய்த்து, வட்டமாக வெட்டி, நடுவே பூரணம் வைத்து, அரைவட்டமாக மடித்து, ஓரத்தைக் கிள்ளி மூடி, கொதிக்கும் உப்புத் தண்ணீரில் வேகவைத்தால் பியெரோகி. பார்க்கச் சோமாசி மாதிரி இருக்கும். ஆனால் எண்ணெயில் பொரிப்பதும் இல்லை, ஆவியில் வைப்பதும் இல்லை.

பியெரோகி என்பது பன்மைச் சொல். ஒன்றே ஒன்று என்றால் பியெருக். ஒன்று மட்டும் யாரும் வாங்குவதில்லை என்பதால் அந்தச் சொல் அதிகம் காதில் விழாது. கடைசி எழுத்தை 'கிரிஜா'வில் வரும் 'கி' மாதிரி சொல்லுங்கள், 'ஜி' என்று சொல்ல வேண்டாம்.

ஒரு தடவை சாப்பிட்டேன், சப்பென்று இருந்ததே?

எனக்கும் முதல் தடவை அப்படித்தான் இருந்தது. நம் நாக்கு காரத்தைத் தேடும், இங்கே காரம் கிடையாது. மிளகுதான் அதிகபட்சம். இந்தச் சாப்பாட்டைத் தாங்கி நிற்பது புளிப்பு. பூரணத்துக்குள் புளித்த பாலாடைக்கட்டி, மேலே புளித்த பாலேடு, பக்கத்தில் புளிக்க வைத்த முட்டைக்கோஸ், குடிக்க மோர். இவற்றில் ஒன்றிரண்டாவது தட்டில் இல்லாவிட்டால் மாவும் உருளைக்கிழங்கும் மட்டுமே வாயில் தெரியும். உங்களுக்குச் சப்பென்று இருந்ததற்குக் காரணம் பெரும்பாலும் சமைத்தவர் இல்லை, கூட எதுவும் வைக்காமல் சாப்பிட்டதுதான். கீழே நான் சொல்லும் பல விஷயங்கள் இந்தப் புளிப்புக்குத்தான் திரும்பத் திரும்ப வரும்.

எத்தனை வகை உண்டு? முதலில் எதைச் சாப்பிடலாம்?

'ரூஸ்கியே'யில் தொடங்குங்கள். உருளைக்கிழங்கு, த்வாருக் எனப்படும் புளிப்புப் பாலாடைக்கட்டி, வதக்கிய வெங்காயம், மிளகு. அவ்வளவுதான் பூரணம். வருடம் முழுக்கக் கிடைக்கும்.

முட்டைக்கோசும் காட்டுக் காளானும் சேர்ந்தது குளிர்காலத்துக்கு உரியது. டிசம்பர் 24 இரவு, 'விகிலியா' விருந்தில் மரபாகப் பன்னிரண்டு வகை வைப்பார்கள், அதில் இறைச்சி இருக்காது. அந்த மேசையில் இந்தப் பியெரோகி கட்டாயம் இருக்கும். இறைச்சிப் பியெரோகி பழைய சிக்கனத்தில் பிறந்தது. ஞாயிற்றுக்கிழமை சூப்புக்கு வேகவைத்த இறைச்சியை மறுநாள் அரைத்துப் பூரணம் ஆக்கிவிடுவார்கள்.

கோடையில் பழப் பூரணம். ஜூலை மாதம் காட்டிலிருந்து 'யகோதி' வரும். ப்ளூபெர்ரியின் தம்பி மாதிரி, சிறியது, உள்ளேயும் கருநீலம். அதை வைத்துச் செய்த பியெரோகியைப் பிட்டால் தட்டே ஊதாவாகிவிடும். மேலே புளித்த பாலேடும் சர்க்கரையும் போட்டுத் தருவார்கள். இதை இனிப்பு என்று நினைத்துக் கடைசியில் சாப்பிட வேண்டாம், இங்கே பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடே இதுதான். நீங்கள் ஜூலையில் வந்தால் வேறு எதையும் தேடாதீர்கள்.

லூப்ளின் பக்கம் பக்வீட் என்ற தானியத்தையும் த்வாருக்கையும் சேர்த்துப் பூரணம் வைப்பார்கள். அதே பகுதியில் பிவ்கோராய் ஊரின் 'பியெருக்' பெயரில்தான் பியெருக். நிஜத்தில் அது ரொட்டி மாதிரி அடுப்பில் சுட்டுத் துண்டு போடும் பண்டம்.

'ரூஸ்கியே' என்றால் ரஷ்யப் பியெரோகியா?

இல்லை. இன்றைய மேற்கு உக்ரைனும் போலந்தின் தென்கிழக்கு மூலையும் சேர்ந்த பகுதிக்குப் பழைய பெயர் செந்நிற ரூஸ். பெயர் அங்கிருந்து வந்தது. ரஷ்யாவுக்குப் போலிஷ் மொழியில் வேறு சொல் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு எல்லைகள் நகர்ந்தபோது கிழக்கிலிருந்து குடிபெயர்ந்த குடும்பங்கள் இந்தப் பூரணத்தை மேற்குப் போலந்துக்கும் கொண்டுபோனார்கள். 2022இல் உக்ரைன் மீது படையெடுப்பு நடந்த பிறகு பல உணவகங்கள் பெயரை 'உக்ரைன் பியெரோகி' என்று மாற்றி எழுதின. எந்தப் பெயர் போட்டிருந்தாலும் பூரணம் அதேதான்.

போலந்தில் எங்கே சாப்பிடுவது நல்லது?

என் ஓட்டு 'பார் ம்லெச்னி'க்கு. பால் கடை என்று பொருள், ஆனால் அது சாப்பாட்டுக் கடை. 1896இல் வார்சாவின் நோவி ஷ்வியாத் தெருவில் ஸ்தனிஸ்வாவ் த்வுஜெவ்ஸ்கி என்ற பண்ணைக்காரர் திறந்தது முதல் கடை. பாலும் முட்டையும் மாவும் வைத்துச் செய்த பண்டங்களை விற்றார். கம்யூனிச ஆட்சிக் காலத்தில் இவை நாடெங்கும் பெருகின. இன்றும் இறைச்சி இல்லாத பண்டங்களுக்கு அரசு மானியம் உண்டு, அதனால் விலை குறைவு.

உள்ளே போனதும் என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிறவர்கள் அதிகம். முறை இதுதான். சுவரில் பலகை இருக்கும். தீர்ந்துபோனதை அதிலிருந்து எடுத்துவிடுவார்கள். வரிசையில் நின்று முதலில் பணம் கட்ட வேண்டும். கல்லாவில் இருக்கும் அம்மாவுக்குப் பொறுமை குறைவு, பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள். அதனால் சொல்ல வேண்டியதை முன்பே தயாராக வைத்துக்கொள்ளுங்கள்: 'போப்ரோஷெ ரூஸ்கியே.' சீட்டைக் கொண்டுபோய்ச் சமையலறைச் சாளரத்தில் கொடுத்துவிட்டு அங்கேயே நில்லுங்கள். ஆவி பறக்கும் சாளரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து 'ரூஸ்கியே!' என்று ஒரு குரல் வரும். தட்டில் எட்டோ பத்தோ, மேலே வெங்காயம் மினுமினுக்கும். சாப்பிட்ட தட்டை நீங்களே இன்னொரு சாளரத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டும். மேசைக்குப் பக்கத்து இருக்கையில் பென்ஷன் வாங்கும் தாத்தாவும் கல்லூரி மாணவியும் உட்கார்ந்து பேசாமல் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். பல கடைகள் மாலையிலேயே மூடிவிடும், மதியம் போவது நல்லது.

'பியெரோகார்னியா' என்று பலகை போட்ட கடைகளில் பியெரோகி மட்டுமே. வகை அதிகம், விலையும் கொஞ்சம் அதிகம். வீட்டுக்கு வாங்கிப் போக 'கர்மாஜெரியா' என்று எழுதியிருக்கும் இடத்தைத் தேடுங்கள். அன்றன்று செய்த பண்டங்களை எடை போட்டு விற்பார்கள். சந்தைக்குள்ளேயும் இருக்கும். உறைய வைத்த பாக்கெட்டைவிட இது பல மடங்கு மேல்.

ஆகஸ்ட் நடுவில் வந்தால் கிராகோவின் மாவி ரினெக் சதுக்கத்தில் பியெரோகித் திருவிழா நடக்கும். பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த புனித யாட்செக்கின் நாள் ஆகஸ்ட் 17. பஞ்ச காலத்தில் அவர் மக்களுக்குப் பியெரோகி கொடுத்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். 'புனித யாட்செக்கே, பியெரோகியோடு!' என்று இங்கே வயதானவர்கள் வியப்பில் சொல்வார்கள், நாம் 'அட முருகா' என்பது மாதிரி.

நான் சைவம். என்ன கவனிக்க வேண்டும்?

ரூஸ்கியே பூரணத்தில் இறைச்சி இல்லை, ஆனால் மேலே போடுவதில் இருக்கலாம். 'ஸ்க்வர்கி' என்று பன்றிக் கொழுப்பைப் பொடியாக நறுக்கி முறுகலாக வறுத்து மேலே தூவுவார்கள். பழுப்பு வெங்காயத்தோடு கலந்திருப்பதால் சட்டென்று தெரியாது. 'பெஸ் ஸ்க்வாரெக், ஸ் மஸ்வெம்' என்று சொல்லுங்கள். கொழுப்புத் துண்டு வேண்டாம், வெண்ணெய் போடுங்கள் என்று பொருள். வெங்காயத்தையே பன்றிக் கொழுப்பில் வதக்கும் கடைகளும் உண்டு, அதையும் கேட்டுவிடுங்கள். சிலர் மாவில் முட்டை சேர்ப்பார்கள். பழப் பியெரோகியில் கொழுப்புக் கவலை இல்லை. இறைச்சிப் பியெரோகியில் பன்றி, மாடு இரண்டும் கலந்திருக்க வாய்ப்பு அதிகம்.

போலந்துக்கு வெளியே?

2004இல் போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த பிறகு பிரிட்டனுக்கு ஏராளமான போலந்துக்காரர்கள் போனார்கள். அங்கே 'போல்ஸ்கி ஸ்க்லெப்' என்று எழுதிய கடையில் பியெரோகியோடு த்வாருக், புளித்த முட்டைக்கோஸ், காய்ந்த காளான் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். லண்டனில் நம் ஆட்கள் நடத்தும் மளிகைக் கடைகளிலும் போலிஷ் பொருட்களுக்கு ஒரு அலமாரி ஒதுக்கியிருப்பதைப் பார்க்கலாம்.

அமெரிக்காவில் சிகாகோ பக்கம் இருப்பவர்களுக்குக் கவலையே இல்லை. அங்கே ஒரு பழைய போலிஷ் பேட்டைக்கு 'யாட்ஸ்கோவோ' என்றே பெயர், மேலே சொன்ன அதே புனிதரின் கோயிலை ஒட்டி வந்தது. மற்ற ஊர்களில் சூப்பர் மார்க்கெட்டின் உறைபெட்டியில் மிஸஸ் டீஸ் பாக்கெட் இருக்கும். 1952இல் பென்சில்வேனியாவின் ஷெனண்டோவா ஊரில் ஒரு மகன் தன் அம்மாவின் கைப்பக்குவத்தை வைத்துத் தொடங்கிய நிறுவனம். அவற்றில் பெரும்பாலும் செடார் சீஸ் இருக்கும். நன்றாகவே இருக்கிறது, ஆனால் த்வாருக்கின் புளிப்பு அதில் வராது.

ஊரில் இருப்பவர்கள் வீட்டில் செய்துகொள்வதே நல்லது. தேவையான பொருள்களில் பாதிக்கு மேல் உங்கள் சமையலறையில் ஏற்கெனவே இருக்கிறது.

மாவு எப்படிப் பிசைவது?

மைதா 500 கிராம், உப்பு அரைத் தேக்கரண்டி, உருக்கிய வெண்ணெய் அல்லது எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, நல்ல சூடான தண்ணீர் ஏறக்குறைய 250 மில்லி. தண்ணீரை மொத்தமாக ஊற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கரண்டியால் கிளறுங்கள், கை பொறுக்கும் சூடு வந்ததும் பிசையுங்கள். சூடான தண்ணீர் ஊற்றினால் மாவு மிருதுவாகும், தேய்க்கும்போது சுருங்கி இழுக்காது. முட்டை வேண்டாம், அது மாவைக் கெட்டியாக்கும். கோதுமை மாவில் செய்து பார்த்தேன், தடிமனாக வந்தது, எனக்குப் பிடிக்கவில்லை.

என் பக்கத்து வீட்டுப் பாட்டி பிசைந்த மாவை ஒரு விரலால் அழுத்திவிட்டுத் தன் காது மடலைத் தொட்டுக் காட்டுவார். இரண்டும் ஒரே மென்மையில் இருக்க வேண்டுமாம். அப்புறம் அதன் மேல் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து அரை மணி நேரம் விட்டுவிடுவார். இந்த அரை மணி நேரத்தை மட்டும் குறைக்காதீர்கள்.

2 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்து, 7 அல்லது 8 சென்டிமீட்டர் வாயுள்ள டம்ளரால் வெட்டுங்கள். தேய்க்காத மாவு மூடியே இருக்கட்டும், காய்ந்தால் ஓரம் ஒட்டாது.

ரூஸ்கியே பூரணத்துக்கு த்வாருக் கிடைக்கவில்லை. பனீர் போடலாமா?

பனீரை மட்டும் போட்டால் புளிப்பு இருக்காது. பனீர் சூடான பாலை எலுமிச்சையால் திரிப்பது. த்வாருக் அப்படி இல்லை, பாலை முதலில் புளிக்கவிட்டு, அப்புறம் மெதுவாகச் சூடாக்கி வடிப்பது. வீட்டிலேயே செய்துவிடலாம். இரண்டு லிட்டர் கொழுப்புள்ள பாலைத் தயிராக உறையவிடுங்கள், நன்றாகப் புளிக்கட்டும். அந்தத் தயிரை அப்படியே பாத்திரத்தோடு மிகச் சிறிய தீயில் வையுங்கள். கிளறக் கூடாது, கொதிக்கவும் கூடாது. ஓரமெல்லாம் மஞ்சள் தண்ணீர் பிரிந்து, நடுவே கட்டி திரளும். கையை வைத்தால் சுடுகிறது என்ற அளவு போதும், அதற்கு மேல் போனால் ரப்பராகிவிடும். மெல்லிய துணியில் கொட்டிச் சில மணி நேரம் தொங்கவிட்டால் உதிரியான, புளிப்பான கட்டி கிடைக்கும். அவசரம் என்றால் பனீரை உதிர்த்து, துணியில் கட்டி வடித்த புளித்த தயிரை அதில் கால் பங்கு கலந்துகொள்ளுங்கள். பரவாயில்லாமல் இருக்கும்.

மேலே சொன்ன மாவுக்கு உருளைக்கிழங்கு 600 கிராம், த்வாருக் 300 கிராம், பெரிய வெங்காயம் இரண்டு. கிழங்கை வேகவைத்து, தண்ணீரை முழுக்க வடித்து, சூடு போகும் முன்பே கட்டியில்லாமல் மசித்து ஆறவிடுங்கள். குக்கரில் குழைய வேகவைத்த கிழங்கு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், பாத்திரத்தில் வேகவைப்பதே நல்லது. வெங்காயத்தை வெண்ணெயில் பொன்னிறத்துக்குக் கொஞ்சம் மேலே போகும்வரை பொறுமையாக வதக்குங்கள். எல்லாவற்றையும் கலந்து உப்பு போட்டு, மிளகை அப்போதே இடித்துத் தாராளமாகச் சேருங்கள். பூரணத்தைத் தனியாகச் சாப்பிடும்போது உப்பும் மிளகும் ஒரு படி தூக்கலாகத் தெரிய வேண்டும், மாவுக்குள் போனால் அடங்கிவிடும். இந்த அளவில் ஐம்பது, அறுபது வரும்.

முட்டைக்கோஸ், காளான் பூரணம்?

புளித்த முட்டைக்கோஸ் அரைக் கிலோ, காய்ந்த காட்டுக் காளான் 30 முதல் 40 கிராம். காளானை முதல் நாள் இரவே ஊறவைத்து, அதே தண்ணீரில் அரை மணி நேரம் வேகவைத்து, பொடியாக நறுக்குங்கள். முட்டைக்கோஸை வேகவைத்துப் பிழிந்து நறுக்கி, வதக்கிய வெங்காயத்தோடும் காளானோடும் சேர்த்து ஈரம் முழுக்கப் போகும்வரை அடுப்பில் சுருள வதக்குங்கள். காளான் வெந்த தண்ணீரைக் கொட்டிவிட வேண்டாம், பீட்ரூட் சூப்பில் ஊற்றலாம். காட்டுக் காளான் கிடைக்காத இடத்தில் காய்ந்த ஷிடாகே போடலாம், மணம் வேறாக இருக்கும்.

புளித்த முட்டைக்கோஸை வாங்கும்போது பொருள் பட்டியலில் வினிகர் இருந்தால் வேண்டாம். வீட்டில் செய்ய, மெல்லியதாகச் சீவிய முட்டைக்கோஸ் ஒரு கிலோவுக்கு உப்பு 20 கிராம். தண்ணீர் விடும்வரை கையால் பிசைந்து, பாட்டிலில் அழுத்தி அடைத்து, அதன் சாற்றுக்குள்ளேயே மூழ்கியிருக்கும்படி மேலே எடை வையுங்கள். இங்கே ஒன்றிரண்டு வாரம் ஆகும். ஊர் வெயிலுக்குச் சீக்கிரமே தயாராகிவிடும், நான்காம் நாளிலிருந்து ருசி பார்த்துக்கொண்டே வாருங்கள். புளிப்பு பிடித்ததும் ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம்.

வேகும்போது வாய் திறந்துகொள்கிறதே?

நான் பார்த்தவரை முக்கால்வாசி நேரம் பூரணத்தின் ஈரம்தான் காரணம். அடுத்தது ஓரத்தில் ஒட்டிய மாவுத்தூளோ, வெண்ணெயோ, கிழங்குத் துணுக்கோ. ஒரு தேக்கரண்டிக்கு மேல் பூரணம் வைக்காதீர்கள். மடித்ததும் முதலில் நடுவில் ஒட்டி, உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றியபடி இரு பக்கமும் கிள்ளிக்கொண்டு போங்கள். சோமாசிக்கு ஓரம் மடிக்கத் தெரிந்தவர்கள் அதே மாதிரி முறுக்கி மடிக்கலாம். இங்கேயும் அந்த முறை உண்டு, கொசுவம் வைத்தது மாதிரி அழகாக இருக்கும்.

அகலப் பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் வையுங்கள். ஒரு தடவைக்குப் பதினைந்துக்கு மேல் வேண்டாம். போட்டவுடன் மரக்கரண்டியால் அடியை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுங்கள், இல்லாவிட்டால் அடியில் ஒட்டிக் கிழியும். தளதளவென்று கொதிக்க விடாமல் தீயைக் குறைத்து, மேலே மிதந்த பிறகு இரண்டு மூன்று நிமிடம். ஜல்லிக்கரண்டியால் எடுத்ததும் வெண்ணெய் தடவிய தட்டில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்புங்கள்.

பழப் பியெரோகிக்குப் பூரணத்தில் சர்க்கரை சேர்க்க வேண்டாம். சர்க்கரை சாற்றை இழுத்துவிடும், வாய் நிச்சயம் திறக்கும். சர்க்கரை தட்டில் போட்டுக்கொள்வதற்கு.

கூட என்ன வைப்பது?

மேலே போடுவதற்கு 'ஓக்ராசா' என்று பெயர். பொன்னிறத்தில் வதக்கிய வெங்காயமும் வெண்ணெயும் இனிப்பில்லாத எல்லாப் பூரணத்துக்கும் பொருந்தும். ரூஸ்கியேவுக்குப் புளித்த பாலேட்டை மேலே விடலாம். ஊரில் வடிகட்டிய கெட்டித் தயிரில் கொஞ்சம் கிரீம் அடித்துக் கலந்தால் கிட்டத்தட்ட அதே ருசி. குடிக்கக் கெஃபிர் எனப்படும் புளித்த பாலோ மோரோ. நம் மோரில் பெருங்காயமும் கறிவேப்பிலையும் போடாமல் வெறும் உப்பு மட்டும் போட்டுக் குடித்தால் ரூஸ்கியேவுக்கு அதைவிடப் பொருத்தமான துணை கிடையாது.

இறைச்சிப் பியெரோகிக்கும் காளான் பியெரோகிக்கும் ஒரு கோப்பை 'பர்ஷ்ச்', அதாவது பீட்ரூட் சூப். அதன் உயிர் புளிக்க வைத்த பீட்ரூட் தண்ணீர். அரைக் கிலோ பீட்ரூட்டைத் தோல் சீவித் துண்டாக்கி, நான்கு பல் பூண்டு, பிரிஞ்சி இலை, சில மிளகோடு பாட்டிலில் போட்டு, லிட்டருக்கு 20 கிராம் உப்புக் கரைத்த ஆறிய தண்ணீரை மூழ்க ஊற்றுங்கள். இங்கே ஐந்து முதல் ஏழு நாள். தினமும் ஒரு தடவை திறந்து பாருங்கள், மேலே வெள்ளை நுரை வந்தால் எடுத்துவிடலாம், பஞ்சு மாதிரி பூஞ்சை வந்தால் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். காய்கறிச் சாற்றைக் கொதிக்கவைத்து, தீயைக் குறைத்த பிறகு இதை ஊற்றிச் சூடேற்றினால் போதும். கொதித்தால் அந்த மாணிக்கச் சிவப்பு பழுப்பாகிவிடும்.

இன்னொன்று 'சுரூஃப்கா', பச்சைக் காய்கறிச் சீவல். புளித்த முட்டைக்கோஸ், துருவிய கேரட், துருவிய ஆப்பிள், கொஞ்சம் எண்ணெய், ஒரு சிட்டிகை சர்க்கரை. ஐந்து நிமிட வேலை. வெள்ளரியை மெல்லியதாகச் சீவி உப்புப் போட்டுப் பிழிந்து, புளித்த பாலேட்டிலும் சதகுப்பை இலையிலும் கலக்கும் 'மிசேரியா' இங்கே பெரும்பாலும் பொரித்த இறைச்சிக்கும் புது உருளைக்கிழங்குக்கும் போகிறது. நான் ரூஸ்கியேவுக்கும் வைத்துக்கொள்கிறேன், வெயில் நாளில் குளிர்ச்சியாக இருக்கும்.

பூரணம் வைக்கப் பொறுமை இல்லை. சுலபமாக வேறு ஏதாவது?

சிலேசியப் பகுதியின் 'க்ளுஸ்கி' செய்யுங்கள். அளவுக்குத் தராசே வேண்டாம். வேகவைத்து மசித்து ஆறிய உருளைக்கிழங்கைக் கிண்ணத்தில் அழுத்திச் சமமாக்கி, கத்தியால் நான்கு பாகமாகக் கோடு போடுங்கள். ஒரு பாகத்தை எடுத்து மேலே வைத்துவிட்டு, அந்தக் காலி இடத்தை உருளைக்கிழங்கு ஸ்டார்ச்சால் நிரப்புங்கள். ஒரு முட்டையும் உப்பும் சேர்த்து எல்லாவற்றையும் பிசைந்து, நெல்லிக்காயைவிடப் பெரிய உருண்டையாக்கி, கட்டைவிரலால் நடுவே குழி போட்டு வேகவையுங்கள். குழம்பு தங்குவதற்குத்தான் அந்தக் குழி. சிலேசியாவில் ஞாயிற்றுக்கிழமை மாட்டிறைச்சிச் சுருளும் புளிப்பும் இனிப்புமாகச் சமைத்த ஊதா முட்டைக்கோசும் இதற்குத் துணை. காளான் குழம்போடும் நன்றாக இருக்கும்.

அதையும்விடச் சுலபம் 'லெனிவே'. சோம்பேறிப் பியெரோகி என்றே பெயர். த்வாருக், முட்டை, கொஞ்சம் மாவு பிசைந்து, கயிறாக உருட்டி, சாய்வாக வெட்டி வேகவைத்து, வெண்ணெயில் வறுத்த ரொட்டித்தூளும் சர்க்கரையும் தூவுவார்கள்.

மீந்ததை என்ன செய்வது?

மறுநாள் வெண்ணெயில் இரு பக்கமும் பொன்னிறமாக வாட்டுங்கள். ரூஸ்கியே முதல் நாளைவிட இரண்டாம் நாள்தான் ருசி என்று சொல்கிறவர்கள் இங்கே நிறைய, நானும் அந்தக் கட்சி. பழப் பியெரோகியை வாட்ட வேண்டாம், சாறு வெளியே வந்து கருகும்.

சேர்த்து வைக்க, வேகவைக்காத பியெரோகியை மாவு தூவிய தட்டில் தனித்தனியாகப் பரப்பி ஃபிரீசரில் வையுங்கள். கல் மாதிரி இறுகிய பிறகே பையில் போடுங்கள். வேகவைக்கும்போது உருக விடாமல் அப்படியே கொதிநீரில் போட்டு, மிதந்த பிறகு ஐந்து நிமிடம் விடுங்கள். பக்கத்து வீட்டுப் பாட்டி டிசம்பர் தொடக்கத்திலேயே விகிலியாவுக்கு நூற்றுக்கு மேல் செய்து பால்கனியில் தட்டுத் தட்டாக அடுக்கிவிடுவார். இங்கத்துக் குளிருக்கு இரவு முடிவதற்குள் அவை இறுகிவிடும், காலையில் பையில் போட்டு ஃபிரீசருக்கு மாற்றிவிடுவார்.